திறமைக்கு ஈடாக நன்கொடை: பள்ளி எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது?

'இன்றைய வசூல் முழுவதும் வெள்ள நிவாரணத்துக்கு' என்று முகப்பில் பதாகை கட்டிய தனியார் பேருந்துகளை நாம் பார்த்திருக்கிறோம். அன்று நடத்துநர் பயணச்சீட்டு கொடுப்பதில்லை. கையில் ஓர் உண்டியலோ தட்டோ இருக்கும். பன்னிரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஐம்பது ரூபாய் போட்டுவிட்டு, மீதி கேட்காமல் இறங்குபவர்களும் உண்டு. ஓட்டுநர் தினமும் செய்யும் வேலையைத்தான் அன்றும் செய்கிறார். பயணிக்கு வேண்டிய பயணமும் கிடைத்துவிடுகிறது. பணம் மட்டும் உரிமையாளரிடம் போகாமல் நிவாரணத்துக்குப் போகிறது.

இந்த எளிய ஏற்பாட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள். தொழில் தெரிந்தவர், அந்தத் தொழிலால் பயன்பெறுபவர், நிதி பெறுபவர். தொழில் தெரிந்தவர் உழைப்பைத் தருகிறார். பயன்பெறுபவர் பணம் தருகிறார். அந்தப் பணம் உழைத்தவர் கைக்குப் போகாமல் மூன்றாமவருக்குப் போகிறது. தொழில் திறமைக்கு ஈடாக நன்கொடை பெறுவது என்பது இதுதான்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் முன்னாள் மாணவர் சந்திப்பிலும் "பள்ளிக்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. 2022 டிசம்பர் 19 அன்று 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் தொடங்கப்பட்ட பின் இந்தக் கேள்வி இன்னும் கூடியிருக்கிறது. கேட்பவர்களில் பலரிடம் கொடுக்கப் பணம் இல்லை, நல்ல தொழில் இருக்கிறது. அதை எப்படிப் பள்ளிக்குப் பயன்படுத்துவது என்பது ஒரு கேள்வி. நம்மிடம் இருக்கும் கற்பிக்கும் திறமையையே இப்படி நன்கொடையாக மாற்றலாமா என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் கேள்விக்குள் இறங்கினால், நல்ல எண்ணத்தோடு தொடங்கிய முயற்சி புகாரில் போய் முடியலாம்.

மூன்று எடுத்துக்காட்டுகள்

நமக்கு மிகவும் பழக்கமான எடுத்துக்காட்டு எம்.எஸ். சுப்புலட்சுமி. பொதுக் காரியங்களுக்கு நிதி திரட்டுவதற்காகவே அவர் பல கச்சேரிகள் பாடினார். 1944-இல் மறைந்த கஸ்தூரிபா காந்தியின் நினைவு நிதிக்காக அவர் பாடிய கச்சேரிகள் அவற்றுள் அடங்கும். மருத்துவமனைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் பின்னர் பலமுறை பாடினார். 1974-இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது. அது எந்தப் பிரிவில் வழங்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இசைக்கலைஞரான அவருக்குப் பொதுச்சேவைப் பிரிவில்தான் அவ்விருதை வழங்கினார்கள். பாடுவதையே பொதுச்சேவையாக ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, பிரிட்டனில் 1988 முதல் நடந்துவரும் 'வில் எய்ட்' என்னும் ஏற்பாடு. அங்கு ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில், இதில் சேர்ந்துள்ள வழக்கறிஞர்கள் எளிய உயில்களைத் தங்களுக்குக் கட்டணம் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். உயில் எழுதிக்கொள்பவர் கட்டணத்துக்குப் பதிலாக நன்கொடை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார். இவ்வளவு தரலாம் என்று ஒரு தொகை பரிந்துரைக்கப்படும். ஆனால் தருவது அவர் விருப்பம். அந்தத் தொகை வழக்கறிஞரின் வருமானத்தில் சேராது. ஏற்பாட்டில் இணைந்துள்ள அறநிறுவனங்களுக்குப் போய்விடும். குறிப்பிட்ட மாதம், குறிப்பிட்ட வேலை, பரிந்துரைத் தொகை, கட்டாயம் இல்லை என்று எல்லாமே முன்கூட்டியே தெளிவாக இருப்பதால்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நிலைத்திருக்கிறது.

மூன்றாவது சதுரங்கம். கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில், விஸ்வநாதன் ஆனந்தும் மேலும் நான்கு இந்திய கிராண்ட்மாஸ்டர்களும் இணையவழியில் பொதுமக்களோடு ஆடினார்கள். ஆனந்தோடு ஆட 150 டாலர், மற்றவர்களோடு ஆட 25 டாலர் நன்கொடை தர வேண்டும். கொரோனா நிவாரணத்துக்கு ஏறத்தாழ 37 லட்சம் ரூபாய் திரண்டதாகச் செய்தி வந்தது. ஒரு சதுரங்க வீரர் சில மணி நேரம் தன் ஆட்டத்தை ஆடினார், அவ்வளவுதான். அவரோடு ஒருமுறை ஆடிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அதற்காகவே பணம் கட்டினார்கள்.

அடுத்த மாதம் இதே போன்ற இன்னொரு நிதி திரட்டும் நிகழ்ச்சியில் ஒரு சிக்கலும் வந்தது. பிரபலங்கள் பலரோடு ஆனந்த் ஒரே நேரத்தில் ஆடினார். அதில் பங்கேற்ற ஒரு தொழிலதிபர், கணினியின் துணையோடு ஆடி ஆனந்தைத் தோற்கடித்தார். பலரும் ஐயம் எழுப்ப, மறுநாள் அவரே அதை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 'நிதி திரட்டத்தானே, இதில் போய் விதியா?' என்று சிலர் கேட்டார்கள். ஆனால் பணம் கட்டியவர்கள் நம்பி வந்தது உண்மையான ஆட்டத்தைத்தான். நல்ல காரியம் என்பதற்காக விதிகளைத் தளர்த்தினால் கெடுவது அந்த நல்ல காரியத்தின் பெயர்தான். பள்ளிக்காக நிதி திரட்டும்போது இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் நேரடியாகப் பணம் கொடுக்கக் கூடாது?

'இவ்வளவு சுற்றி வளைப்பானேன், ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிடலாமே' என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நாளுக்கு 800 ரூபாய் சம்பாதிக்கும் தையல் கலைஞர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வருமானத்தைப் பள்ளிக்குத் தந்தால் பள்ளிக்கு 800 ரூபாய் கிடைக்கும். அதே நாளில் அவர் இருபது பேருக்குத் தன் தொழிலில் ஒரு நுட்பத்தைக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவரும் 200 ரூபாய் பள்ளிக்குச் செலுத்தினால் 4,000 ரூபாய் ஆகிறது. துணி, நூல் என ஆளுக்கு 50 ரூபாய் செலவானாலும் 3,000 ரூபாய் மிஞ்சும். அவர் இழந்தது அதே ஒரு நாள்தான். பள்ளிக்குக் கிடைத்தது ஏறத்தாழ நான்கு மடங்கு.

இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. ஐந்து பேர் மட்டுமே வந்தால் வசூல் 1,000 ரூபாய். பொருள் செலவு 250 ரூபாய் போக 750 ரூபாய்தான் மிஞ்சும். அவர் அமைதியாக 800 ரூபாயைக் கொடுத்திருக்கலாம். எனவே மூன்று சூழ்நிலைகளில்தான் இம்முறை பலன் தரும். அந்தத் திறமைக்கு ஊரில் உண்மையாகவே தேவை இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் பலருக்குப் பயன்பட வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் உண்டியலே மேல்.

பணம் தவிர இன்னொரு பயனும் இருக்கிறது. நன்கொடைப் பட்டியலில் ஆயிரம், ஐயாயிரம் என்று எழுதுகிறவர்களுக்கு நடுவே நூறு ரூபாய் எழுதக் கூச்சப்படும் பெற்றோர் பலர். தொழிலைக் கொடுக்கச் சொன்னால் அவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் வந்தார். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய், ஆரி வேலைப்பாட்டில் கைதேர்ந்தவர். நூலகத்துக்கு அலமாரி வாங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது, "டீச்சர், நான் ஐந்நூறு ரூபா குடுத்தா நோட்டுல ஒரு வரியோட போயிடும். கோடை லீவுல ஆரி வேலை சொல்லிக் குடுக்குறேன். கத்துக்க வர்றவங்க எனக்குக் கட்டுற காச ஸ்கூலுக்குக் கட்டட்டும்" என்றார். குழு தீர்மானம் போட்டது. மே மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஊராட்சியின் சமுதாயக் கூடத்தில் வகுப்பு நடந்தது. பதினேழு பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு 300 ரூபாய் வீதம் 5,100 ரூபாய் குழுவின் வங்கிக் கணக்கில் நேராக வரவு வைக்கப்பட்டது. ஊசியும் நூலும் அவரவரே கொண்டுவந்தார்கள். ஓர் இரும்பு அலமாரி வாங்கினோம். தொகை பெரிதில்லைதான். ஆனால் அந்த ஆண்டு முழுவதும் குழுக் கூட்டத்தில் அந்தத் தாயின் குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. பதினேழு பேரில் சிலர் இப்போது தாங்களே ஆர்டர் எடுத்துத் தைக்கிறார்கள்.

யார் கொடுத்தவர்?

இந்த ஏற்பாட்டில் நன்கொடையாளர் யார் என்பது சுவையான கேள்வி. சதுரங்க ஆட்டத்துக்கு 150 டாலர் கட்டியவர், தான் விரும்பிய ஒன்றைப் பெற்றுக்கொண்டுதான் பணம் தந்தார். ஆனந்த் பணம் எதுவும் தரவில்லை, தன் நேரத்தைத் தந்தார். வில் எய்டில் நவம்பர் மாதத்துக் கட்டணத்தை வழக்கறிஞர் விட்டுக்கொடுக்கிறார். உயில் எழுதியவரோ தராமலும் போகலாம் என்ற இடத்தில் மனமுவந்து தருகிறார். எனவே இருவருமே கொடுப்பவர்கள்.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம், ஈகை 23-ஆம் அதிகாரம். இரண்டையும் வள்ளுவர் தனித்தனியாக வைத்திருக்கிறார். இல்லாதவருக்கு எதையும் எதிர்பாராமல் கொடுப்பது ஈகை. ஊரோடு சேர்ந்து வாழ்பவர் தம்மிடம் இருப்பதை ஊருக்குப் பயன்படச் செய்வது ஒப்புரவு. திறமைக்கு ஈடாக நன்கொடை என்பதை ஈகை என்று சொல்வதைவிட ஒப்புரவு என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து. அப்படிப் பார்த்தால், ஈடாக ஒன்றைப் பெற்றுக்கொண்டு கொடுத்தவரைக் குறைவாக நினைக்கவும் தோன்றாது.

சட்டத்தின் பார்வை சற்று வேறு. 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரிச் சலுகை, பணமாகத் தரும் நன்கொடைக்குத்தான். உழைப்புக்கும் பொருளுக்கும் அது கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை. நிதி பெறும் அமைப்பு அதற்கான பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். ஆகவே, "உங்கள் உழைப்புக்கு வரிவிலக்குச் சான்று தருகிறோம்" என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நம் கற்பித்தலை நன்கொடையாக மாற்றலாமா?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். 'நான் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். கட்டணத்தை நான் வாங்கவில்லை. பெற்றோர் பள்ளி வளர்ச்சி நிதிக்குக் கட்டட்டும். இதில் தவறென்ன?' என்று ஓர் ஆசிரியர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் இது கூடாது.

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சியில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்து அந்தப் பிரிவு வேறுபாடு காட்டவில்லை. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு நன்கொடைக் கட்டணம் வாங்குவதைத் தடை செய்கிறது. அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர எந்தப் பெயரில் பெறும் நன்கொடையும் பங்களிப்பும் அதில் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. மீறினால் வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டம் இருக்கட்டும், காரணத்தைப் பாருங்கள். ஆரி வகுப்புக்கு வராத பெண்ணுக்கு இழப்பு ஏதுமில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு முழுமையாக இருக்கிறது. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தந்தைக்கு அந்த உரிமை பெயரளவில்தான் இருக்கும். ஆசிரியர் நடத்தும் டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால், நன்கொடை தராவிட்டால், பிள்ளையை எப்படி நடத்துவார்களோ என்ற அச்சம் அவருக்கு வரும். நாம் அப்படி நடத்த மாட்டோம் என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே. மேலும், கற்பித்தல் அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே உரிமையானது. அதற்கான ஊதியத்தை அரசு நமக்குத் தந்துவிட்டது. ஏற்கெனவே ஒருவருக்கு உரிமையானதை ஈடாக வைத்து அவரிடமே நன்கொடை கேட்க முடியாது.

ஆசிரியரிடம் கற்பித்தல் தவிர வேறு திறமையும் இருக்கலாம். ஓவியம் வரைபவர், வயலின் வாசிப்பவர், நாடகம் போடுபவர் நம்மிலேயே உண்டு. அத்திறமையைப் பொதுமக்களுக்கான நிகழ்ச்சியில் பயன்படுத்தி நிதி திரட்ட விரும்பினால், முதலில் துறையின் எழுத்துவழி முன் அனுமதியைப் பெற வேண்டும். அரசுப் பணியாளர் தாமாக நிதி திரட்டுவதற்கு நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. வசூலைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் விட்டுவிடுவதே நமக்கும் பாதுகாப்பு.

ஒரு பள்ளி தொடங்குவதானால்

மேலே சொன்னவற்றிலிருந்து சில நடைமுறைகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேவையை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும். 'பள்ளி வளர்ச்சிக்கு' என்று பொதுவாகச் சொல்வதைவிட 'நூலகத்துக்கு ஓர் அலமாரி' என்று சொன்னால் கொடுப்பவருக்கும் நம்பிக்கை வரும், கணக்குக் காட்டுவதும் எளிது. குடிநீர், கழிப்பறை போன்ற அடிப்படை வசதிகள் குழந்தைகளின் உரிமை. அவற்றை உரிய அலுவலர்களிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். நன்கொடை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நன்கொடை கூடுதல் வசதிகளுக்கானது.

இரண்டாவது, குழுவின் தீர்மானம் வேண்டும். யார் என்ன திறமையைத் தருகிறார், எந்த நாள்களில், எங்கே, பரிந்துரைத் தொகை எவ்வளவு, எதற்குச் செலவிடப்படும் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, திறமை தருபவரும் தலைமையாசிரியரும் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது. வங்கிக் கணக்குக்கோ, 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியாகவோ நேராகச் செலுத்தச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தர வேண்டும். நூறு ரூபாய்க்கும் ரசீது உண்டு என்று தெரிந்தால் ஊரில் பேச்சு எழாது.

நான்காவது, தொகையைப் பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. கட்ட முடியாத ஒருவர் கற்றுக்கொள்ள வந்தால் அவருக்கும் இடம் கொடுக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியலை வகுப்பறையிலோ பிள்ளைகள் பார்க்கும் இடத்திலோ ஒட்டக் கூடாது. மொத்த வரவு செலவை மட்டும் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினால் போதும்.

ஐந்தாவது, மாணவர்களை வசூலுக்கு அனுப்பக் கூடாது. அவர்கள் வரைந்த படங்களையும் செய்த கைவினைப் பொருள்களையும் விற்பனைக்கு வைப்பதும் தேவையற்றது. திறமையை ஊருக்குத் தருவதா என்று தீர்மானிக்கும் வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை.

ஆறாவது, தொழிலுக்குரிய விதிகளையும் மதிக்க வேண்டும். வழக்கறிஞர்களும் பட்டயக் கணக்காளர்களும் தங்கள் தொழிலை விளம்பரப்படுத்த அவர்களது விதிகளில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட முன்னாள் மாணவர் உதவ வந்தால், அவர் பெயரைப் போட்டுப் பதாகை வைத்து அவருக்குச் சங்கடம் உண்டாக்கிவிடக் கூடாது. எப்படிச் செய்யலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

வகுப்பறையில்

இந்தப் பொருளைப் பாடமாகவும் பயன்படுத்தலாம். மேலே உள்ள தையல் கலைஞர் கணக்கை ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் கொடுத்து, 'குறைந்தது எத்தனை பேர் வந்தால் 800 ரூபாயைத் தாண்டும்?' என்று கேட்கலாம். ஆளுக்கு 200 ரூபாயில் 50 ரூபாய் செலவு போக 150 ரூபாய் மிஞ்சும். எனவே ஆறு பேர் வர வேண்டும் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தொகையையும் செலவையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரு பாடவேளை போதாது.

குடிமையியல் வகுப்பில், 'சதுரங்க நிகழ்ச்சியில் கணினியின் துணையோடு ஆடியது சரியா?' என்று விவாதம் நடத்தலாம். தமிழ் வகுப்பில் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அருகருகே வைத்து, பேருந்து ஓட்டுநரின் செயல் எதில் சேரும் என்று எழுதச் சொல்லலாம். விடை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, காரணம் சொன்னால் போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தரலாம். 'உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு என்னென்ன தொழில் தெரியும்?' என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கொத்தனார், மின்பணியாளர், நாதசுரக் கலைஞர், சமையல்காரர், மண்பாண்டம் செய்பவர் என்று ஒரு பெரிய பட்டியல் வந்து சேரும். அதில் ஒருவரிடமும் உடனே எதையும் கேட்க வேண்டாம். தன் அப்பாவின் தொழிலை ஆசிரியர் கேட்டு எழுதிக்கொண்டார் என்பதே அந்தக் குழந்தைக்குப் பெருமைதான். அடுத்த குழுக் கூட்டத்தில் 'பள்ளிக்கு என்ன செய்யலாம்?' என்று யாராவது கேட்டால், அந்தப் பட்டியலை எடுத்து மேசைமேல் வையுங்கள்.